முப்பத்தாறு தவணை

"அளவு பார்த்தாச்சா?" என்று கேட்டார்
பாகாவ் கடைத்தெரு லிம் தவுக்கே.
பார்த்தாச்சு என்றேன்.
டிவி மேசையிலிருந்து சாமி அலமாரி வரை
சாண் சாணாக, இரண்டு தரம்.
படிக்கட்டை யார் அளப்பார்கள்?

மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது.
மாதம் எண்பத்தொன்பது வெள்ளி,
சாம்பல் நிறம், எல் வடிவம்,
இரண்டாவது திருப்பத்தில் வந்து
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று
கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட மாமனாக
நின்றுவிட்டது சோபா.

கதவுகள் திறந்தன.
மேலிருந்தும் கீழிருந்தும் கருத்துகள் வந்தன.

காக் ரோஹானி கரண்டியோடு ஓடி வந்து
சாய்க்க வேண்டும் என்று
மலாயில் சொல்லி, கரண்டியைச் சாய்த்தே காட்டினார்.
முதல் மாடி சன்னாசி அண்ணனுக்கு
சின்ன வீட்டில் சோபா என்பதே தப்பு.
மடக்கு நாற்காலி நாலு போதும்,
விருந்தாளி போனதும்
கதவுக்குப் பின்னால் மாட்டிவிடலாம்.
அவர் வீட்டில் நாலும்
கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.
விருந்தாளிதான் இன்னும் வரவில்லை.

"பெரிய கண்ணாடி மாட்டு, ஹால் ரெண்டு மடங்காத் தெரியும்"
என்றாள் எதிர்வீட்டுப் புஷ்பலீலா.
மாட்டியிருக்கிறாள்.
அவள் வீட்டுக் குப்பையும்
இரண்டு மடங்காகத்தான் தெரிகிறது.

எனக்கும் கருத்து உண்டு, இல்லாமல் என்ன.
மைலோ டின்னில் மைலோ இருந்தால்
அது புது டின் என்று அர்த்தம்.
பீங்கான் தட்டு விருந்தாளிக்கு இல்லை, அலமாரிக்கு.
பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை,
அதற்குள்ளும் பை;
கடைசிப் பைக்குள் என்ன இருக்கிறது என்று
எந்தப் பெண்ணையும் கேட்கக் கூடாது.
கட்டிலுக்கு அடியில்
தீபாவளி அண்டா, அவருடைய பழைய டயர் ஒன்று,
மகனின் உடைந்த கித்தார்.
எடுத்துப் போடு என்கிறார்கள்.
எதை?

முக்கால் மணி நேரம் கழித்து
கீழ்வீட்டிலிருந்து மினார் வந்தான்.
வங்காளதேசத்துப் பையன்,
தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன்.
எங்கள் முகங்களைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
குப்புறக் கவிழ்த்து
துணிக்கு உள்ளே ஒளிந்திருந்த
நாலு போல்ட்டைக் கழற்றினான்.
எல் இரண்டாய்ப் போனது.
இரண்டும் ஏறின.

தேநீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.
உட்கார் என்றேன்.
அழுக்கு, அக்கா, என்று
முழுக்கால் சட்டையைக் காட்டினான்.
மறுநாள் கிளாஸைத் திருப்பித் தர மறந்திருப்பான் என்று
நான்தான் கீழே போனேன்.
அதே பத்தடி ஹால்.
எட்டுப் பேர், எட்டுப் பாய்,
சுவரில் எட்டு ஆணி,
ஆணிக்கு ஒரு சட்டை, ஒரு துண்டு.
தரை அப்படித் துடைத்துக் கிடந்தது.
கிளாஸைக் கழுவி
ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்தான்.
அங்கே எனக்குக் கருத்து எதுவும் வரவில்லை.

இப்போது சோபா ஹாலில் இருக்கிறது.
அது இருக்கிற இடம் போக
நடக்க ஒன்றரை அடி.
பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை;
உட்கார்ந்தால் நொறுக்குத் தீனி மாதிரிச் சத்தம்.

லோகேந்திரன் லாரியை நிறுத்திவிட்டு வருவார்,
குளிப்பார்,
எண்ணெய் வாடை போகவில்லை என்று மறுபடி குளிப்பார்,
வெள்ளைப் பனியனோடு வந்து
தரையில் உட்கார்ந்து
சோபாவில் முதுகைச் சாய்ப்பார்.
"மேலே உட்காருங்களேன்."
"சாய்ஞ்சுக்கத்தானே வாங்கினோம்?"

நான் மேலே உட்கார்ந்தால்
அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

எல்லின் குட்டைக் கையில்
துவைத்த துணி குடியேறிவிட்டது:
லாரிச் சட்டை, பள்ளிச் சீருடை, போர்வை.
மடிக்கணும்.
இன்னும் முப்பத்துநாலு தவணை இருக்கிறது.